ஆழிக்குடி உப்பளத்தில் ஆடிய கூத்து குறித்து

வளம் பெருகுக. வெண்கழி நாட்டை ஆளும் பெருங்கழல் வேந்தரின் திருவாய்மொழிப்படி, அமைச்சர் காரிவிண்ணனார், கடல் கடந்தும் பெயர் விளங்கும் உப்பு வணிகச் சாத்தின் தலைவர் நெடுஞ்சேந்தருக்கு விடுக்கும் ஓலை. உம் கிடங்குகள் நிறைக. உம் தராசு முள் நடுவில் நிற்க. உம் கப்பல்களைக் காற்று ஏமாற்றாதிருக்க.

ஆழிக்குடி அளத்தில் ஆட்களை இரவில் கொட்டகையில் அடைத்துப் பூட்டுகிறார்கள், குடிக்க உப்புக்கரிக்கும் கழிநீரே தருகிறார்கள் என்ற பேச்சு அரண்மனைக்கு எட்டியதும், போய்ப் பார்த்துவருமாறு அங்கே உப்பு வாங்கும் உம்மை வேந்தர் பணித்தார். நீரோ உம் ஆய்வாளரைப் பல்லக்கில் அனுப்பினீர்; பல்லக்குக்கு முன்னே முரசையும் அனுப்பினீர். வேலையாட்கள் கொழுத்த கன்னத்தோடு சிரித்தனர் என்றும், புத்தாடை உடுத்திச் சுதி பிசகாமல் பாடியபடி உப்பு வாரினர் என்றும் அவர் வந்து சொன்னார். அமைச்சரும் அதை நம்பிவிடத்தான் இருந்தார்.

அப்போது அரண்மனையில் கூத்து நடந்தது. அரசி வேடம் கட்டிய பூதங்கண்ணன் மேடையேறியதுமே, வேந்தருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த உம் ஆய்வாளர், உப்பளத்தில் தம்மைக் கண்டு வாய்நிறையச் சிரித்த வேலையாள் இவனேதான் என்று மகிழ்ந்து சொல்லிவிட்டார். பாவம், சூதறியாதவர், அவரைக் கோபிக்க வேண்டா.

பூதங்கண்ணன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு விண்ணப்பித்ததாவது: அளத்துக் குத்தகைக்காரன் பொலவன் கூலி கொடுத்தான், ஆடினோம், வெயிலில் சிரித்தபடி நிற்பது அரசியாக அழுவதைவிடக் கடினம், அசல் ஆட்களைக் கொட்டகையில் பூட்டியிருந்தார்கள், அவர்களில் கூரத்தி என்பவள் பலகை இடுக்கு வழியே, உப்பை விட்டுவிட்டுச் சேற்றை வாருகிறீர்களே, எங்களுக்குப் பதிலாக வேலைதான் செய்யத் தெரியவில்லை, இந்தக் கழிநீரையாவது குடித்துக் காட்டுங்களடா என்று ஏசியதில் இருமுறை தாளம் தப்பிற்று.

வேந்தர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. விடிவதற்குள் குதிரை வீரர் போய்ப் பூட்டை உடைத்தனர்.

இதற்கு நீர் விடுத்த மறுமொழியை, மூட்டையைப் பிரிக்கச் சொன்னதும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வியாபாரியைப் பார்ப்பதுபோல் அமைச்சர் பார்த்தார். அளம் பொலவனுடையது, நாங்கள் வாங்குவோர் மட்டுமே என்கிறீர். நல்லது. அமைச்சர் அங்காடித் தெருவில் பேரம் கேட்டு வளர்ந்தவர். மிளகு வாங்க வந்தால் குத்தூசியை அடிவரை செருகிக் கல் இருக்கிறதா என்று நீர் பார்ப்பதை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். அப்படிக் குத்தும்போது அந்த மூட்டை யாருடையது, தலைவரே? பிறர் மூட்டையின் அடிவரை போகும் ஊசி, பிறர் கொட்டகையின் வாசலில் மட்டும் ஏன் மழுங்கிப் போகிறது?

பொலவனை விட்டு வேறு அளத்தில் வாங்கிக்கொள்வதாகவும் எழுதினீர். கூரத்தி சபைக்கு வந்து இதைக் கேட்டு, பூட்டை எடுக்கச் சொன்னால் அடுப்பையும் சேர்த்து எடுக்கிறாரே இந்தப் பெரிய மனிதர் என்றாள்.

ஆகவே நீர் விலகிப் போகலாகாது. நேரில் சென்று, பொலவனின் காதுக்கு எட்டாத இடத்தில் ஆட்களைக் கேட்டறிக. நல்ல நீரும் உரிய கூலியும் பூட்டில்லாக் கதவும் கிடைக்கச் செய்க. அடைபட்டிருந்தவர்களுக்கு இழப்பீட்டை நீரும் பொலவனும் சேர்ந்து தருக. பிறகும் அடிக்கடி போய்ப் பார்க்க. நீர் உப்பு வாங்கும் மற்ற அளங்களுக்கும் இதுவே முறை.

உம் மூட்டைகளில் குத்தும் அரச முத்திரைக் கட்டை இனி கூரத்தியின் மடியில் இருக்கும். கதவு திறந்திருக்கும் அளத்தின் உப்புக்கு முத்திரை விழும். மற்றது கரையிலேயே கிடக்கும். எந்த நாளில் எந்த அளத்துக்கு வருவாள் என்று உம் கணக்கர் பணிவோடு விசாரித்தார். அதைச் சொல்லிவிட்டால் பூதங்கண்ணனுக்கு மறுபடியும் வெயிலில் நிற்கும் வேலை வந்துவிடுமே, பாவம் என்றாள்.

வேந்தரின் சுறா முத்திரை வைத்தாயிற்று. ஓலை கண்டதும் புறப்படுக. பல்லக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.