கோட்டைக்குள் போன கெளிற்று முள்

உப்புக்குளம்,
06.08.2025

வவுனியா ஆய்வுகூடத்தின் மகாராணி, அன்பு மருமகள் றொஷேலுக்கு,

அம்புறோஸ் மாமா எழுதுவது. என் போன் கடலில் விழுந்து, இப்போது திமிங்கிலங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பஸ்காரர் கையில் இந்த ஓலை.

வலை கழற்றும்போது ஒரு கெளிற்று மீன், பனைமர நீள முள்ளால் என் பாதத்தில் குத்திவிட்டது. பயப்படாதே. முள்ளைப் பிடுங்கி எறிந்து, கடல்தண்ணியில் காலை ஊறவைத்தேன். உப்பு எல்லாக் கிருமியையும் கொன்றிருக்கும். அதில் தப்பினதைத் தடுக்க என் தோல் இருக்கிறது; மன்னார்க் கோட்டையை விடத் தடிப்பு. கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

கலியாணத்தன்று உன் அப்பாவின் இடத்தில் நின்று உன்னைப் பீடம் வரை கூட்டிப்போக, தெருவில் நடந்து பழகுகிறேன். கழுதைகள் தோழிப்பெண்களாகப் பின்னால் வருகின்றன.

கடலாளும்,
மாமா


வவுனியா,
07.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பெற்றிசியா மாமிக்குப் போன் எடுத்தேன். சிவப்பு முழங்காலுக்குக் கிட்ட ஏறிவிட்டதாம், குளிர்க்காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "நாளைக்குப் பாப்பம்" என்கிறீர்களாம். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?

அந்தக் கோட்டையைத்தானே ஒல்லாந்தர் பிடித்தார்கள். தோல் மூடியிருக்கும் வரைதான் கிருமி வெளியே நிற்கும். முள் கதவைத் திறந்து, அவற்றை ஆழத்துக்குள் கூட்டிப்போய்விட்டது. உப்பில்லாமல் வாழத் தெரியாத கிருமிகளும் உண்டு, மாமா. நீங்கள் காலை ஊறவைத்த தண்ணியே அவற்றின் வீடு. உங்களுக்கு இரத்தத்தில் சீனி கூடின வருத்தம் வேறு. அதனால் உள்ளே காவல்காரர் அரைத்தூக்கம். காலை மட்டுமில்லை, ஆளையே கொண்டுபோய்விடும்.

இந்தக் கடிதத்தோடு வரும் ஓட்டோ வாசலில் நிற்கும். வாசித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

றொஷேல்


மன்னார் ஆஸ்பத்திரி,
14.08.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கட்டளைப்படி ஊர்வலமாக வந்து சேர்ந்தேன். பாதத்தை வெட்டித் திறந்தார்கள்; வந்த சீழில் இரண்டு வள்ளம் ஓட்டலாம். எனக்கு ஏற்றிய மருந்தில் ராமர் அணைவரைக்கும் கிருமி செத்திருக்கும்.

டொக்டர் சொன்னார்: "ஐயா, நாளைக்கு வந்திருந்தால் கால் இருந்திராது." இந்த ஒரு வசனத்தை மட்டும் நான் பெருப்பிக்கவில்லை, பிள்ளை.

கலியாணத்துக்குள் காலை ஊன்ற முடியாதாம். அலெக்ஸாண்டர் சித்தப்பாவைக் கேள். அவர் நேராக நடப்பார். நான் கோயிலின் கடைசி வாங்கிலில் இருந்து பார்க்கிறேன்.

மாமா


வவுனியா,
15.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சித்தப்பாவைக் கேட்க மாட்டேன். கோயிலில் சில்லுக் கதிரை ஒன்று சொல்லிவைத்துவிட்டேன். நீங்கள் அதில் இருங்கோ, நான் தள்ளிக்கொண்டு வருவன். யார் யாரைப் பீடம் வரை கூட்டிப்போனது என்பதை ஊருக்கு உங்கள் விருப்பப்படி சொல்லுங்கோ.

உங்கள்,
றொஷேல்