மார்பில் வாங்கும் பந்து

ஜனவரி 6, திங்கள்

கிளப்பிலிருந்து செய்தி வந்தது. பத்தொன்பதாம் தேதி சென்னையில் தேர்வு. காலையில் ஓட்டம், மாலையில் பயிற்சி ஆட்டம். "முன்பு ஆடியவர்களும் கலந்துகொள்ள வேண்டும்" என்று ஒரு வரி. முன்பு ஆடியவள் நான்தான். இரண்டு சீசன் அங்கே எட்டாம் எண் போட்டு நடுக்களத்தில் ஆடினேன். ஆறு மாத வயிற்றோடு இருந்தபோது ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அன்றைக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்குச் சந்தோஷமும் வரவில்லை.

போனை வைத்துவிட்டு, தூங்குகிற குழந்தை கவிநிலாவின் மூக்கருகே விரலை நீட்டினேன். மூச்சு வருகிறது. பத்து மாதமாகிறது, இன்னும் இதை நிறுத்த முடியவில்லை.

கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன்.

"உனக்குத் தோணுனா போ."

"எனக்கு ஒண்ணும் தோணலியே."

"அப்ப போய்ப் பாத்துட்டு வா."

இவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 8, புதன்

உப்பளம் மைதானம். பதினேழு மாதத்துக்குப் பிறகு பூட்ஸ். இடது கால் கட்டைவிரல் இடிக்கிறது. பிள்ளை பெற்றால் பாதம்கூடவா வளரும்?

குழந்தையை அண்ணி வைத்துக்கொண்டார். கமலா அண்ணி அவருடைய அக்கா. சாரத்து வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுப் பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். குளித்து, கைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்து, பிறகுதான் குழந்தையைத் தூக்குவார்.

வேம்புவும் நானும் மட்டும். கல்லூரியிலிருந்தே அவள் கோல் கீப்பர், இப்போது அதே கிளப்பில். அவள் கோலிலிருந்து உயரமாக உதைப்பாள். இறங்கி வருகிற பந்தை நான் மார்பில் வாங்கி, காலில் போட்டு, திரும்ப வேண்டும். என் வேலையில் பாதி அதுதான். ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கிறேன்.

முதல் பந்து பட்டதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டே நிமிடத்தில் பனியன் நனைந்துவிட்டது.

"என்னாடி, தொடங்கறதுக்குள்ளயே இவ்ளோ வேர்வை?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், பக்கத்தில் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அவளுடைய ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தாள். சுவரோரம் பெத்தாங் ஆட்டத்தில் இரும்புக் குண்டு வீசிக்கொண்டிருந்த பெரியவர்கள் யாரும் திரும்பவில்லை. நல்லது.

அதற்குப் பிறகு வந்த மூன்று பந்துக்கும் உடம்பு தானாகவே பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. நான் திருப்பவில்லை.

ஜனவரி 9, வியாழன்

அதே.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அடுப்படியில் அண்ணி, கரும்பை வெட்டிக்கொண்டே: "பாலை மறக்கடிச்சுடு சங்கவி. வேப்பிலையை அரைச்சுத் தடவுனா மூணே நாளு. எங்க குப்பத்துல எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தான்."

"ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க அண்ணி."

"டாக்டரா வந்து பந்து ஒதைக்கப் போறாங்க?"

அண்ணி சிரித்தார். நானும் வாயை அசைத்தேன்.

வீட்டுக்காரரிடமும் கேட்டேன். "உன் இஷ்டந்தான்" என்றார். எப்போதும் இதுதான். ஒருத்தராவது வேணாம்னு சொல்லக் கூடாதா? இல்ல, செஞ்சுடுன்னாவது சொல்லக் கூடாதா? எல்லாரும் நல்லவங்களாவே இருந்தா நான் யார் மேல கோவப்படறது?

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

சென்னை போய் வந்தாயிற்று. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஓட்டத்தில் பதினெட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தேன். காலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் கழிவறையில் பாலைப் பிழிந்துவிட்டுத்தான் இறங்கினேன். போதவில்லை.

முதல் பாதி நன்றாகவே போனது. பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை பார்த்துவிட வேண்டும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று. பார்த்தேன். எல்லோரும் தெரிந்தார்கள். இரண்டாம் பாதியிலும் பார்த்தேன். எதிர் கோலிலிருந்து உயரமாக ஒரு பந்து. எங்கே இறங்கும், பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் தெரியும். நேராக நெஞ்சுக்கு வந்தது.

திரும்பிக்கொண்டேன்.

பந்து தோளை உரசிப் பின்னால் போனது. அங்கே நின்ற பெண் எடுத்தாள். மூன்று பாஸ். கோல்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் புருஷோத்தமன் சார் கூப்பிட்டார். "ரெண்டு வருஷம் என்கிட்ட ஆடியிருக்க. பந்துக்கு பயந்து நான் பாத்ததே இல்ல. என்னம்மா ஆச்சு?"

பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். பின்னால் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த வேம்பு சொல்லிவிட்டாள்: "சார், அவளுக்குப் பால் கட்டியிருக்கு சார்."

சார் தொப்பியை எடுத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"கேம்ப் ஒண்ணாந்தேதி. ரெண்டு மாசம். ஹாஸ்டல்ல குழந்தைங்கள வெச்சுக்க முடியாது, தெரியுமில்ல? அதுக்குள்ள... அது சரியாயிடுமா?"

"ஆயிடும் சார்."

நான்தான் சொன்னேன். என் குரல்தான்.

பஸ்ஸில் வேம்பு, "கோவமாடி?" என்றாள். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. மரக்காணம் தாண்டும்போது மறுபடியும் நனைந்தது. வீட்டில் பிள்ளைக்குப் பசிக்கிற நேரம்.

ஜனவரி 20, திங்கள்

பட்டியலில் பெயர் இருக்கிறது. எட்டாம் எண் வேறொரு பெண்ணிடம் போய்விட்டது. எனக்கு இருபத்தாறாம் எண்.

ஜனவரி 23, வியாழன்

வேப்பிலையை அண்ணிதான் அரைத்துக் கொடுத்தார். தடவியது நான்.

கவிநிலா வாயை வைத்தாள். எடுத்தாள். நாக்கை வெளியே நீட்டினாள். என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பக்கம் தாவினாள். அங்கேயும் அதேதான். அழுவாள் என்று தயாராக இருந்தேன். அழவில்லை. தப்பு நடந்துவிட்டது, நான் சரிசெய்துவிடுவேன் என்று காத்திருப்பது போல் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி வந்து தூக்கிக்கொண்டு போனார். கேழ்வரகுக் கஞ்சி.

ஜனவரி 25, சனி

இன்று மூன்றாம் நாள். மறந்துவிடும் என்றார்களே.

மத்தியானம் தானாகவே தவழ்ந்து வந்தாள். நைட்டியைப் பிடித்து இழுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கசப்போடேயே குடிக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு மடக்குக்கு ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிறாள். ஆனால் விடவில்லை.

என்னால முடியல. எழுந்து போய் வெந்நீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தேன். முழுதாக. அவள் தூங்கும் வரைக்கும்.

அண்ணி வாசலில் நின்று பார்த்தார். "கெடுத்தியா" என்றார். திட்டுகிற குரல் இல்லை. மீன் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

நாளை காலை பஸ். பையில் பூட்ஸ், காலுறை, முன்னங்கால் காப்புப் பட்டைகள், அவளுடைய சட்டை ஒன்று. சட்டையை எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன்.

அண்ணி ஒரு பொட்டலம் கொடுத்தார். வாழையிலையில் மல்லிகைச் சரம். "மார்ல வெச்சுக் கட்டிக்க. தெனமும் புதுசா வாங்கி மாத்து. பால் தானா வத்திடும். இப்ப சீசன் இல்ல, கெடைக்கறதே பெரிசு. வாடிப்போச்சுன்னு தலையில வெச்சுக்காத."

வீட்டுக்காரர் பஸ் நிலையம் வரை வருகிறாராம். "புள்ளைய நான் பாத்துக்கறேன். நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத" என்றார். முதல் தடவையாக "உன் இஷ்டம்" என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள், சென்னை

பிராவுக்குள் பூவை வைத்துக் கட்டி, மேலே பனியன், அதற்கு மேலே இருபத்தாறு. ஓட ஓட வாசம் ஏறுகிறது. பக்கத்தில் ஓடிய பெண் மூச்சிரைக்கக் கேட்டாள்: "யாருக்குக்கா கல்யாணம்?" எல்லோரும் சிரித்தார்கள். வேம்பு பதிலுக்கு, "கோல் போஸ்ட்டுக்கு. மாப்ள பந்து, மொய் எழுதிட்டுப் போ" என்றாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டும் கல்லாக இருக்கின்றன. கை தூக்க முடியவில்லை. நெஞ்சுக்கு வரும் பந்தை எனக்குப் போடக் கூடாது என்று சார் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பூ மாற்றினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீடியோவில் பேசினேன். கவிநிலா போனை வாங்கி என் முகத்தை நக்கினாள். பிறகு அண்ணி கையிலிருந்த கரண்டி பக்கம் திரும்பிவிட்டாள். வீட்டுக்காரர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நல்லா சாப்புடறா" என்றார். அண்ணி பின்னாலிருந்து, "ராத்திரி ஒரே தூக்கம், நீ கவலப்படாத" என்றார். என்னிடம் இருந்தவரை ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்கியதில்லை.

பனியனுக்குள் பார்த்துக்கொண்டேன். பூ வாடியிருந்தது. ஈரம் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் பயிற்சி ஆட்டம். இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். பத்து நிமிடம் போல் ஆகியிருக்கும். வேம்பு உயரமாக உதைத்தாள். அவள்தான், வேண்டுமென்றே. தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். பட்டது. காலில் விழுந்தது. திரும்பி வலது பக்கம் கொடுத்தேன். சார் கோட்டோரம் நின்று கை தட்டினார்.

வலிக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து உட்கார்ந்தபோது பனியன் நனைந்திருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கழுத்துப் பக்கம் இழுத்து முகர்ந்து பார்த்தேன். வேர்வைதான்.