நாலெழுத்துப் பொய்

கங்நங்
12 அக்டோபர் 2022

அன்புள்ள ஹேரின்,

போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நாம் முதன்முதலில் சந்தித்தபோது காபி வருவதற்கு முன்பே, "உங்க குணத்துக்கு எந்த நாலெழுத்து?" என்று கேட்டாய். குணத்தை நாலு ஆங்கில எழுத்தில் சொல்லும் அந்தச் சோதனையை நம் கொரியாவில் யார்தான் கேட்பதில்லை! நீ எதையும் திட்டம் போட்டுச் செய்கிற ரகம் என்று உன் தோழி முன்பே சொல்லியிருந்தாள். நானும் அதே ரகம் என்று அடித்துவிட்டேன். உண்மையில் நான் போகிற போக்கில் போகிறவன். அந்தச் சோதனையின் பொருத்த அட்டவணையில் நம் இருவருக்கும் நேரே 'சேராது' என்கிற சிவப்புக் கட்டம்.

அந்தப் பொய் ஆபீஸ் வரை வந்துவிட்டது. அதை நம்பி, ஊர்த் திருவிழா நிகழ்ச்சி நிரல் முழுவதையும் மேனேஜர் என் தலையில் கட்டினார். போன வாரம் முரசுக்காரர்களும் முகமூடி ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் மேடையேறி முறைத்துக்கொண்டு நின்றார்கள். இன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அட, அதான் பார்த்தேன்! மழை வந்தா மேடையச் சமாளிக்க நீதான் வேணும். நிரலை வேற ஆளுக்குக் குடு" என்றார்.

உன்னிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. மன்னிக்க முடிந்தால் இதைப் பற்றி எதுவும் பேசாதே. எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை சிப்பி நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிடு. கூப்பிடாவிட்டால் புரிந்துகொள்வேன்.

உன்
கியூதே


வொன்ஜூ
14 அக்டோபர் 2023

அடேய் கியூதே,

நீ போன வருஷம் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்தது! கடற்கரை ரயில் நிலையத்து மெதுவான தபால்பெட்டியில் போட்டிருக்கிறாய். போட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் போய்ச் சேரும் என்று ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்களே, கண்ணில் படவில்லையா?

ஆக, நான் படித்துவிட்டுப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஞாயிறு நான் கூப்பிட்டது வெறும் பசிக்கு!

கோபத்தில் பாத்திரங்களை நங்கென்று வைத்தேன். "என்னடி, கல்யாணம் நின்னுபோச்சா?" என்று அம்மா பதறினாள். நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். அந்த ஞாயிறுக்கு முன்பெல்லாம் பையிலிருந்து அன்றைய திட்டப் பட்டியலை எடுப்பாய், வியர்ப்பாய். மருந்துக்கடையில் எல்லோரையும் நிமிஷக் கணக்கில் விரட்டுகிறவள் நான். என்னை மாதிரியே இன்னொருத்தர் எதற்கு என்று அலுத்துப்போய், பிரிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த ஞாயிறுக்குப் பிறகுதான் நீ லேட்டாக வந்தாய், சிரித்தாய், பஸ்ஸைக் கோட்டைவிட்டு என்னைக் கடலில் இறக்கினாய். நான் காதலித்தது அந்த ஆளைத்தான்.

ஆனாலும் பொய் பொய்தான். தண்டனையைக் கேள். நவம்பர் நாலாம் தேதி கல்யாணம் பதினொரு மணிக்கு என்றேன் இல்லையா? பன்னிரண்டுக்குத்தான். உன் லட்சணம் தெரிந்து, உன் அழைப்பிதழை மட்டும் தனியாக அடிக்கச் சொன்னேன். இப்போது உண்மை நேரம் தெரிந்துவிட்டது, இனி அந்த ஒரு மணி நேரச் சலுகை கிடையாது. ஒரு மணிக்கு மண்டபம் அடுத்த ஜோடிக்கு. முடிந்தால் நீயாக வந்து சேர்.

ஹேரின்


கங்நங்
17 அக்டோபர் 2023

என் ஹேரின்,

நேற்று போனில் வாங்கிய திட்டு போதாதென்று, பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, தெரிந்தேதான் இதை அதே பெட்டியில் போடுகிறேன். விலாசம் நம் புது வீடு. அடுத்த அக்டோபரில் வரும்.

கல்யாணத்தன்று பத்து மணிக்கே மண்டப வாசலில் நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன். நின்றேனா?

வாயைத் திறந்து சொல்லாதே, பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிப்பி நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிடு. புரிந்துகொள்வேன்.

உன்
கியூதே