அப்பா ஏறாத கார்கள்

குடவாசல்,
புரட்டாசி மாதம், சனிக்கிழமை.

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் புதுசாகக் கன்று போட்ட மாடும் சுகம். அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை அரவிந்தனும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க நம் ஐயனார் பார்த்துக்கொள்வார். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்து ஹலோ சொல்வதற்குள் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றிய பேச்சை அவரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? கூத்தாநல்லூர் ஜஸீலா அவள் அண்ணன் வீட்டுக்கு உங்கள் ஊருக்கு வருகிறாளாம், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே கொஞ்சம் வடகமும் கொடுக்கலாம் என்று பார்த்தேன், உங்கள் ஏர்போர்ட்டில் வடகத்தை எல்லாம் பிரித்துப் போட்டு விசாரணை வைப்பார்கள், நான் மாட்டேன் மாமி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அதனால் வடகம் நீ வந்தபிறகுதான்.

குறுவை அறுத்தாயிற்று. நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, உன் அப்பா புதுக் காருக்காகப் போட்ட தகரக் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, அதில் கொட்டிக் காயவைத்திருக்கிறோம். கார் வரவேண்டிய இடத்தில் கோழிகள் நின்று நெல் பொறுக்குகின்றன. அவற்றை விரட்டும்போதெல்லாம் உன் அப்பா, வண்டி வரட்டும், அப்புறம் வச்சுக்கறேன் என்கிறார். அந்த வண்டி போன தையில் வந்திருக்க வேண்டியது. தஞ்சாவூர் ஷோரூமில் முதல் ஆளாகப் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாரே, அந்த ஹைபிரிட் கார்தான். பெட்ரோலிலும் ஓடுமாம், பேட்டரியிலும் ஓடுமாம், வயர் சொருகி சார்ஜ் போட வேண்டாமாம், பிரேக் பிடித்தாலே கரண்ட் தானாக ஏறிக்கொள்ளுமாம். இதை டீக்கடையில் அவர் விளக்கப்போய், நம்ம ரோட்டுல பிடிக்கிற பிரேக்குக்கு ஊருக்கே தெருவிளக்கு எரிக்கலாமே என்று சொல்லிவிட்டார்களாம், வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிடவில்லை. தையில் லாஞ்ச் என்றார்கள், அப்புறம் சித்திரை என்றார்கள், அப்புறம் ஆவணிக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கும் உன் அப்பா அசரவில்லை. ஆடி மாசத்துல எவனாவது புது வண்டி விடுவானா, அதான் கம்பெனிக்காரன் ஆடியைத் தாண்டி வச்சிருக்கான், விவரமான கம்பெனி என்றார். கடல் தாண்டி இருக்கிற கம்பெனிக்காரன் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் கார் செய்கிறான் என்று அவருக்கு நினைப்பு. ஆவணியும் போய்விட்டது, இப்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை கவி, நடுவில் அவர் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறார், அதை உன்னிடம் இதுவரை மறைத்துவிட்டோம். தையில் புதுசு வரப்போகிறது என்று மார்கழியிலேயே பழைய காரை நன்னிலத்துக்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார் அல்லவா, கொடுப்பதற்கு முன் அதை ஐயனார் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டுபோய் சூடம் காட்டினோம். உன் மாமா ராஜராஜனும் வந்திருந்தான். என் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். இனிமே கல்யாணம் காட்சிக்கு நம்ம வண்டிதான் அத்தான், கவலைப்படாதீங்க என்று தோளில் தட்டினான். அவன் பிரியமாகத்தான் சொன்னான், கொஞ்சம் கேலியும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உன் அப்பாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எரிகிற சூடத்துக்கு முன்னால் கையைக் கூப்பி, "புது வண்டி வர்ற வரைக்கும் வேற எந்தக் கார்லயும் நான் கால் வைக்க மாட்டேன் ஐயனாரே" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். பூசாரி ரெத்தினம் அண்ணன் விபூதியைப் பூசிவிட்டார், முடிந்தது கதை.

அன்றிலிருந்து இந்த வீட்டு மனிதர் காரில் ஏறி நான் பார்க்கவில்லை. நன்னிலத்தில் நம் சம்பந்தி வழிக் கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை, அங்கவஸ்திரம் எல்லாம் போட்டுக்கொண்டு டிராக்டரில் போய் இறங்கினார். பந்தல்காரர் மணல் வந்திருக்கிறது என்று நினைத்துப் பின்பக்கமாக விடச் சொல்லிவிட்டார். வலங்கைமான் காதுகுத்துக்கு பஸ்ஸில் போனோம், நின்றுகொண்டே, கையில் சீர்த்தட்டோடு. போன மழைக்கு ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து நடந்து வருகிறார், ராஜராஜன் காரை நிறுத்தி ஏறுங்கள் அத்தான் என்றிருக்கிறான். மாட்டேன் என்றுவிட்டார். சரி தனியாக விட்டுவிட்டுப் போகவும் அவனுக்கு மனசில்லை. இவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்க, அவன் காரைப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி சம்பா நடவைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தான். இறக்கிய கண்ணாடி வழியாக மழைச் சாரல் அடித்து அவன் முழுக்க நனைந்துபோனான், குடையில் வந்த இவர் காய்ந்துதான் இருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

சிரிப்பெல்லாம் நீ டிக்கெட் போட்டதாகச் சொன்ன அன்றோடு நின்றது. ஐப்பசியில் ஏழாம் மாதத்துக்கு வந்துவிடுகிறேன், அப்பா திருச்சி ஏர்போர்ட்டுக்கு வருவாங்கல்ல என்று நீ ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். வராமல் என்ன, சத்தமே வராத வண்டியில் வந்து நிற்கிறேன், வயிற்றுப்பிள்ளை தூக்கம்கூடக் கலையாது என்று ஸ்பீக்கரில் பெருமையாகச் சொன்னார். போனை வைத்ததும் கொட்டகையில் போய் நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ மூன்று வருஷத்துக்கு முன் கிளம்பிய நாளை மறந்திருக்க மாட்டாய். செங்கிப்பட்டி தாண்டியதும் பழைய கார் நின்றுவிட்டது. பிளைட்டுக்கு நேரமாகிறது என்று உன்னையும் என்னையும் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, உன் அப்பா காரோடு ரோட்டோரத்தில் நின்றுவிட்டார். பஸ் ஜன்னலில் நீ கை ஆட்டியதைக்கூட அவர் பார்க்கவில்லையாம், ஒரு லாரி குறுக்கே வந்துவிட்டதாம். இதை என்னிடமே போன வருஷம்தான் சொன்னார். வழியில் நிற்காத வண்டி வேண்டும் என்று அவர் அலைவது எதற்கு என்று எனக்குத் தெரியும் கவி, ஊர் பெருமைக்கு என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஷோரூமில் ஹுமைரா என்று ஒரு பெண் இருக்கிறது, பொறுமைசாலி. உன் அப்பா தினம் காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் பல் விளக்குகிறார். சார், லாஞ்ச் தேதியே இன்னும் வரவில்லை, வந்தாலும் வண்டி கையில் கிடைக்கத் தை ஆகிவிடும் என்று அது உண்மையைச் சொல்லிவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது வீட்டில் யோசனை. ராஜராஜன் காரில் நாங்கள் போய் உன்னை அழைத்து வருவதாம், இவர் முதல் பஸ்ஸில் வந்து ஏர்போர்ட் வாசலில் நிற்பாராம், உன்னைப் பார்த்துவிட்டு மறுபடி பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே வருவாராம். நீ வந்து குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தபிறகு இவர் பஸ்ஸை விட்டு இறங்குவார் என்று சொன்னேன். குட்டியானை வண்டி கார் கணக்கில் வராது என்று அதை வாடகைக்குப் பேசப் போனார். பிள்ளைத்தாய்ச்சியைச் சரக்கு வண்டியிலா ஏற்றுவீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி மிரண்டுவிட்டது. சத்தியத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நீ பிள்ளை பெறப் போகிற நேரம். அதுதான் அவருக்கும் பயம். எனக்கு ஒண்ணுன்னா பரவால்ல, அது புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். சோறு பாதிக்குப் பாதி மிச்சம் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் ரெத்தினம் அண்ணன்தான் வழி சொன்னார். ஐயனாரிடம் செய்த சத்தியத்துக்கு ஐயனாரிடமே பூக்கட்டிப் பார்த்துவிடலாம், பெண்ணை அழைத்துவர ஒரே ஒரு தடவை ஏறலாமா என்று கேட்போம், வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை என்றார். நம் ஊர் வழக்கப்படி வீட்டுப் பெண்தான் தலைக்குக் குளித்துவிட்டு இலையில் மடித்து நாரால் கட்டிக் கொண்டுபோக வேண்டும். கொல்லையில் நின்று நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பா ஏர்போர்ட் வாசலில் பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்துவிட்டது. அப்புறம் என்ன, இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டிவிட்டேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சாமியிடம் விளையாடலாமா என்று கேட்காதே. அவர் குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுகிற சாமி, காரில் ஏறுவதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படியே கோபம் இருந்தாலும் என்னிடம் கேட்டுக்கொள்ளட்டும், நீ பெற்றுப் பிழைத்ததும் பொங்கல் வைத்து நான் சரிக்கட்டிவிடுகிறேன்.

கோயிலில் உன் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார், காலைக் காலை மாற்றிக்கொண்டிருந்தார். ரெத்தினம் அண்ணன் ஒன்றை எடுத்துப் பிரித்தார், வெள்ளை. வேறு எது வரும்! உத்தரவு கிடைச்சிருச்சு துரைராசு என்று அண்ணன் சொன்னதும் மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். நான் விட்டுவிட்டு வருகிறேன் என்று கை நீட்டினேன், அதற்குள் உன் அப்பா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வயலுக்குத்தான் போறேன், வாய்க்கால்ல விட்டுர்றேன் என்று நடையைக் கட்டிவிட்டார். எனக்குத் திக்கென்றது. மத்தியானம் சிரித்த முகமாகத் திரும்பி வந்து இரண்டாம் தடவை ரசம் கேட்டார், அதனால் பயம் விட்டுப்போயிற்று. சாயங்காலம் அவரே ராஜராஜன் வீட்டுக்குப் போய், ஐயனாரு சொல்லிட்டாரு, நான் என்ன பண்றது, வண்டியக் கழுவி வை என்று சொல்லிவிட்டு வந்தார். என் தம்பி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. முன் சீட் உங்களுக்குத்தான் அத்தான் என்றானாம்.

நேற்று ஹுமைரா தானாகவே போன் செய்தது. லாஞ்ச் தேதி வந்துவிட்டதாம், ஐப்பசி புதன்கிழமை காலையில் தஞ்சாவூரில் விழா, முதலில் பேர் கொடுத்தவர் என்பதால் காரை மூடியிருக்கும் துணியை உன் அப்பாதான் விலக்க வேண்டுமாம், மாலை போடுவார்களாம், போட்டோ எடுப்பார்களாம். எந்தப் புதன்கிழமை என்று நினைக்கிறாய், நீ வந்து இறங்குகிற அதே புதன்கிழமை, அதே நேரம். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டேன். ஒரு வருஷமாக இந்த மனுஷன் தூக்கத்திலும் லாஞ்ச் லாஞ்ச் என்றுதான் உளறினார். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை கவி. "அன்னைக்கு என் பொண்ணு வருதும்மா, துணிய வேற யாரையாவது இழுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இவ்வளவோடு கடிதத்தை முடித்து மடித்தும் வைத்துவிட்டேன். இப்போது துவைக்கப் போட்டிருந்த துணியை எடுத்தால் கோயிலுக்குப் போட்டுப்போன சட்டைப் பையில் அந்தப் பொட்டலம் இருக்கிறது. வாய்க்காலில் விடவில்லை. இலை வாடிப்போயிருந்தது. நார் இருந்தது, ஆனால் நான் போட்ட முடிச்சு இல்லை. அது நாற்றுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு, இந்த வீட்டில் அதை உன் அப்பாவைத் தவிர யாரும் போட மாட்டார்கள். பிரித்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, ரசம் நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறார். பொட்டலத்தை அப்படியே பையிலேயே வைத்துவிட்டுச் சட்டையை மட்டும் துவைக்காமல் கொடியில் போட்டேன். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

பிளைட்டில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே உட்காராதே, அவ்வப்போது எழுந்து நட. மாப்பிள்ளைக்குச் சமையல் வராது, பத்து நாளைக்காவது புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிட்டு வா. நீங்கள் இருவரும் பிள்ளையோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், மாமா கார் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் அப்பா எதிரில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. வண்டி கிளம்பியதும் முன் சீட்டில் இருக்கிறவரை ஒரு தடவை கூப்பிட்டுக் கையை ஆட்டு, இந்தத் தடவை குறுக்கே லாரி எதுவும் வராது.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
து. சாவித்திரி