பழைய தையல் கோடு

மார்ச் 3

என்னங்க,

நலமா? கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தவள் கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன். என் கல்லீரல் கெட்டுவிட்டதை அவள் உங்களிடம் உளறிவிட்டாள். நீங்கள் ஒரு துண்டு தருகிறேன் என்றீர்களாமே! பேக்கரியில் நாளெல்லாம் க்ரீம் ருசி பார்க்கும் உடம்பு. நான் எத்தனை கெஞ்சியும் இனிப்பை விடாதவர். வீண் ஆசை வேண்டாம்.

குண்டூசி

மே 10

அன்புக் குண்டூசிக்கு,

நீ சொன்னது சரிதான். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "பூரா கொழுப்பு. இதை வெச்சு ஆபரேஷன் பண்ண முடியாது, கரைச்சிட்டு வாங்க"ன்னுட்டார். கரையுமாம்! வெட்டிய பிறகு என்னிடம் மிஞ்சியதும் வளருமாம், உன்னிடம் வந்ததும் வளருமாம். தினமும் மாவு உப்புவதைப் பார்ப்பவனுக்கே இது அதிசயம்தான்.

இப்போது எனக்குக் காய்கறி, பயறு, நடை. க்ரீமை அண்ணன் ருசி பார்க்கிறார்; எல்லாவற்றிலும் தித்திப்பு தூக்கல். நீயும் சாப்பிடு. உனக்குச் சதை பிடிக்காமல் கத்தியை எடுக்க மாட்டார்களாம். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, அனுப்பியிருக்கிறேன். பிடித்துக் கொடு.

ரொட்டிக்காரன்

மே 18

என்னங்க,

பார்சலைப் பிரித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் நான் தைத்த கால்சட்டை. வருஷா வருஷம் பிரித்துவிட்ட தடமெல்லாம் தெரிகிறது. நீங்கள் சீட்டில் எழுதி வைத்த அளவுக்குப் பிடித்துக்கொண்டே போனால், முதல் தையல் கோட்டில் வந்து நிற்கிறது. அம்மாடி! இன்னும் நம்ப முடியவில்லை.

சாப்பாட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டல். ஆனாலும் முட்டை, பருப்பு, படுக்கும்முன் ரொட்டி என்று உள்ளே தள்ளுகிறேன். உங்களை நினைத்தால் தட்டை ஒதுக்க வெட்கமாக இருக்கிறது. எனக்காகவா இதெல்லாம்?

குண்டூசி

ஜூன் 9

குண்டூசி,

இரண்டு பேரும் தேறிவிட்டோம். நாளைக்கு ஆபரேஷன். உன் வார்டுக்கு என்னை விடவில்லை, நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"உங்க உடம்புக்காக இனிப்பை விடுங்க"ன்னு அன்றைக்குச் சொன்னாய். என் உடம்பு மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அதில் ஒரு துண்டு உனக்குள் போகப்போகிறது என்றதும் கை தானாக நின்றுவிட்டது.

விடிகாலையில் இருவருக்கும் இனிப்புத் தண்ணீர் தருவார்களாம், உடம்பு தெம்பாக இருக்க. உனக்குப் பயமா?

ரொட்டிக்காரன்

ஜூன் 10

என்னங்க,

குடித்துவிட்டேன், ஒரே தித்திப்பு. உங்கள் அண்ணன்தான் கலக்கியிருக்க வேண்டும்.

பயம்தான். ஆனால் கால்சட்டையில் மிச்சத் துணியை ஒட்ட வெட்டிவிட்டேன், இனிப் பிரித்துவிட வழியே இல்லை. நம் வீட்டுக்கு வந்து, நீங்கள் மறுபடி குண்டாகாமல் நானே பார்த்துக்கொள்கிறேன்.

தள்ளுவண்டி வந்துவிட்டது.

உங்கள் குண்டூசி