இடக்கண்ணுக்குத் தெரியாத விண்மீன்

ஏட்டி,

நீ போய்ச் சேர்ந்த பிறகு முதல்தடவையாக, நேற்று மத்தியானம் உன் மகள் முட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உன் பைனாகுலரை என் கையில் வைத்தாள். "அம்மைக்க சாமானம். நீங்கதான் வச்சுக்கிடணும் ஆன்ட்டி" என்றாள். உறையைத் திறந்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை. கண் வைக்கும் ரப்பரில் இன்னும் ஊறிக் கிடக்கிறது. அழுகை வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நம்முடைய விண்மீன் ஒரு மாதமாக எனக்குத் தென்படவில்லை. அதுதான், அகத்தியர் விண்மீனுக்கு இடப்பக்கம், பத்து மாதத்துக்கு ஒருமுறை பெருகிப் பெருகி வெறுங்கண்ணுக்கே தெரிந்து, பிறகு பைனாகுலருக்கும் அகப்படாமல் தேய்ந்துபோகுமே, அந்தச் சிவப்பு. பத்து மாதக் கணக்கு என்பதால் 'பிள்ளத்தாச்சி' என்று நீ பெயர் வைத்தாய். இந்தப் பங்குனியில் அது நிறைமாதத்தை நெருங்கியிருக்க வேண்டும்; வெறுங்கண்ணுக்கு இன்னும் எட்டாவிட்டாலும் டெலஸ்கோப்பில் தெரிந்தாக வேண்டும். ஆரல்வாய்மொழியில் என் மாடியில், காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு மேலே, என் சின்ன டெலஸ்கோப்பில் தினமும் தேடினேன். இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. தெற்கே மூட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த டெலஸ்கோப்பில் ஒரு கண்தான் வைக்க முடியும். எனக்கு எப்போதும் இடக்கண் பழக்கம். பக்கத்திலுள்ள மாறாத விண்மீன்கள் தெரிகின்றனவா என்று பார்த்திருந்தால், கோளாறு வானத்திலா என்னிடமா என்று அப்போதே தெரிந்திருக்கும். வேண்டுமென்றே பார்க்கவில்லை. சர்க்கரையில் என் அம்மைக்குக் கண் போனது உனக்குத் தெரியும். கடைசி வருடங்களில் சோற்றுத் தட்டைக்கூடத் தடவித்தான் கண்டுபிடித்தாள். எனக்கும் அதே சர்க்கரை.

உன் மாடியில் நாம் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வருகிறது. கலங்கரை விளக்கின் ஒளி சுற்றி வரும்போது இருவரும் கண்ணைப் பொத்திக்கொள்வோம். பிறகு ஆளுக்கொரு தடவை பார்த்து, எவ்வளவு பிரகாசம் என்று மனதில் வைத்துக்கொள்வோம். ஒருத்தி முதலில் உளறிவிட்டால் மற்றவளுக்கும் அப்படியே தோன்றிவிடும் என்று உனக்கு அத்தனை கண்டிப்பு. ஆனால் நீதான் அதை முறைத்து முறைத்துப் பார்ப்பாய். சிவப்பு விண்மீனை அப்படிப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். எப்போதும் உன் கணக்குத்தான் ஏறி நிற்கும்.

"வெறிச்சுப் பாக்காதட்டி, அது ஏமாத்தும்" என்பேன்.

"போட்டி, ஒனக்குக் கண்ணு பொட்ட!" என்று என்னைக் குருடியாக்குவாய். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

நேற்று இருட்டு விழுந்ததும் உன் பைனாகுலரோடு மாடிக்குப் போனேன். இரண்டு கண்ணையும் வைத்தேன். இருந்தது! நல்ல சிவப்பாக, நிறைந்து, எங்கேயும் போகாமல் அங்கேயே இருந்தது. "அடிப் பாவி, இங்கதான் இருக்கியா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. வலக்கண்ணை மூடினேன். விண்மீன் இல்லை. பக்கத்து விண்மீன்களும் இல்லை. நடுவில் அழுக்குத் துணி மாதிரி ஏதோ ஒன்று. திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். உன்னைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. நீ எங்கே இருக்கிறாய்?

காலையில் தனியாகவே நாகர்கோவிலுக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நர்ஸ் என் வலக்கண்ணை மறைத்துப் பலகையைக் காட்டினாள். எனக்கு முன்னால் போனவர் எழுத்துகளைச் சத்தமாக வாசித்திருந்தார். வரிசை முழுக்க என் காதில் விழுந்திருந்தது. அப்படியே ஒப்பித்துவிடலாம். ஒப்பித்தால் ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம். முதல் எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஏட்டி.

"வாசியுங்கம்மா."

"தெரியல்ல மக்கா."

"பெரிய எழுத்தும் தெரியலியா?"

"ஒண்ணும் தெரியல்ல."

கண்ணில் மருந்து விட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். எழுதுவதெல்லாம் கலங்குகிறது, வரி கோணினால் பொறுத்துக்கொள். டாக்டர் அடுத்து வலக்கண்ணைப் பார்க்க வேண்டுமாம். அதற்கும் பார்த்ததைத்தான் சொல்வேன், கேட்டதைச் சொல்லமாட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது, ஏட்டி. ரொம்பப் பயமாக இருக்கிறது.