புலிவலம் தாண்டினதும் வந்த சிக்னல்

மேலூர் ரோடு,
ஸ்ரீரங்கம்.
புதன்கிழமை

என் கண்ணு சுபஸ்ரீக்கு அம்மா இருசம்மாள் எழுதுறது. இங்க நான் கை கால் சுகத்தோட இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன். அந்த எல்லை மலையில நீயும் உன்கூட டியூட்டி பாக்குற பொண்ணுங்களும் காய்ச்சல் சளி எதுவும் அண்டாம இருக்கணும்னு தினமும் ரங்கநாதரைக் கும்பிட்டுக்கிறேன். ஞாயித்துக்கிழமை நீ பேசினது நாலே நிமிஷம், அதுல பாதி நீ அழுதே, மீதி நான் அழுதேன், என்னம்மா ஆச்சு உனக்குன்னு நீ கேக்கும்போதே லைன் கட்டாயிடுச்சு. அதான் முழுசையும் எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல சுபா, போனுக்குத்தான் ஆச்சு. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு, அதை முதல்ல மனசுல வச்சுக்கிட்டு மேல படி.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு வீட்டுக்குப் பிள்ளை குளிப்பாட்டப் போயிட்டு வந்து போனைப் பாத்தா சிக்னல் கோடு ஒண்ணு கூட இல்ல. அணைச்சுப் போட்டேன், சிம்மைக் கழட்டி முந்தானையில துடைச்சுப் போட்டேன், அப்பவும் வரல. ரெண்டு நாள் பாத்துட்டு சிங்காரத்தோப்புல நசுருதீன் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், நம்ம போனுக்குப் பட்டன் மாத்திக் குடுப்பாரே அவர்தான். அவர் போனைத் திறந்துகூடப் பாக்கல. போன் நல்லா இருக்கும்மா, உங்க சிம் கம்பெனிதான் பழைய நெட்வொர்க்கை ஏரியா ஏரியாவா நிறுத்திக்கிட்டு வருது, ஸ்ரீரங்கத்துல நிறுத்திட்டாங்க, மெசேஜ் வந்திருக்குமேன்னார். வந்திருக்கு, நாலஞ்சு தடவை வந்திருக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல. நான்தான் விளம்பரம்னு அழிச்சுட்டேன். எனக்கு ஒவ்வொரு பட்டனும் விரலுக்குத் தெரியும், எண்ணெய்க் கையோட இருந்தாலும் சுண்டு விரலால அமுக்கிப் பேசிடுவேன். டச் போன் வாங்கித் தரேன்னு நீ எத்தனை தடவை சொல்லியும் நான் வேண்டாம்னது அதுக்குத்தான், எண்ணெய்க் கையை அது எங்க மதிக்குது.

கண்டோன்மென்ட்ல இருக்கிற கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். அங்க உக்காந்திருந்த பொண்ணு நல்ல பொண்ணு, பொறுமையாத்தான் சொல்லுச்சு. புது சிம் போடலாம், அதுக்குப் போனையும் மாத்தணும். இல்ல இந்தப் போன்தான் வேணும்னா பழைய நெட்வொர்க்கை இன்னும் நிறுத்தாத வேற கம்பெனிக்கு நம்பரை மாத்திக்கலாம். எதுவா இருந்தாலும் சிம் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் ஆதாரோட வரணும், இது உங்க பேர்ல இல்லம்மான்னு சொல்லுச்சு. யார் பேர்ல இருக்குன்னு நாங்க சொல்லக்கூடாதுன்னும் சொல்லுச்சு. அது சொல்லணுமா, எனக்குத் தெரியாதா. புது நம்பர் வாங்கிக்கங்களேன்னு கடைசியில கேட்டுச்சு. வாங்கிக்கலாம், ஆனா உனக்கு எப்படிச் சொல்றது? உன் போஸ்ட்ல செல்லு எடுக்காது, கேம்ப் போன்லேருந்து நீ பேசலாம், இங்கேருந்து அதுக்குக் கூப்பிட முடியாது. லெட்டர் போட்டா வந்து சேர மூணு வாரம். ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிடச் சொல்லி உன் ஆபீசுல எழுதி வச்சிருக்கிற நம்பரும் இதுதான். ஸ்ரீரங்கத்துல பிள்ளை பெத்த வீடெல்லாம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் எழுதி வச்சிருக்கிறதும் இந்த நம்பரைத்தான்.

சுபா, இனிமே எழுதப் போறதை இத்தனை வருஷம் நான் உன்கிட்ட சொல்லல. அந்த சிம் வியாகுலம்மாள் பெரியம்மா பேர்ல இருக்கு. நாம துறையூர்லேருந்து இங்க வந்த புதுசுல எனக்கு இந்த ஊர் விலாசத்துல ஒரு கார்டும் கிடையாது, அவங்கதான் என்கூட கடைக்கு வந்து அவங்க ரேஷன் கார்டைக் குடுத்து வாங்கித் தந்தாங்க. பிள்ளை குளிப்பாட்டுற வேலையையும் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன், ஆறு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் வீடு வீடாப் போனோம். நீ பத்தாவது படிக்கும்போது அவங்க வர்றது நின்னு போச்சு, பெரியம்மா எங்கம்மான்னு நீ கேட்டே, சண்டை போட்டுட்டு எடமலைப்பட்டி புதூருக்குப் போயிட்டாங்கன்னு நான் சொன்னேன். அவங்க சண்டையே போடல. வடக்கு வீதியில ஒரு வீட்டுல குழந்தையோட தங்கக் காப்பு ஒண்ணு காணாமப் போச்சு. அன்னிக்கு சாம்பிராணி போட்டுத் துணி மாத்திவிட்டது நான்தான். அந்த வீட்டுப் பெரியவர் என்னைப் பாத்து யாரு கடைசியா குழந்தையைத் தூக்கினதுன்னு கேட்டதும் அக்காதான் தூக்கினாங்கன்னு சொல்லிட்டேன். பயத்துல சொல்லிட்டேன். அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க, எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டாங்க. நாலு நாள் கழிச்சு தூளிச் சேலையைத் துவைக்க எடுக்கும்போது மடிப்புல காப்பு கிடைச்சுது. அன்னிக்கே நான் போயிருக்கணும். நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு ஒன்பது வருஷம் போயிடுச்சு. என்ன மூஞ்சியோட போறது சொல்லு.

ஆனா ரெண்டு ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டுப் பாத்துத் தவிச்சிருப்பேன்னு நெனைச்சப்ப என் மூஞ்சியைப் பத்தின யோசனை போயிடுச்சு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி எடமலைப்பட்டி புதூர்ல இறங்கி சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவுல விசாரிச்சேன், உடனே காட்டிட்டாங்க. கதவைத் திறந்தது அவங்களேதான், முடி முக்காவாசி நரைச்சிருக்கு, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வெயில்ல நிக்காத, உள்ள வான்னாங்க, அவ்வளவுதான். தண்ணி குடுத்தாங்க. நான் காப்பு விஷயத்தை எடுக்கவே இல்ல சுபா, அதுக்குத் தைரியம் வரல, போன் கதையை மட்டும் சொன்னேன். பாதி சொல்லும்போதே எழுந்து போய் பீரோவைத் திறந்து ஆதார் கார்டை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, கிளம்புன்னு செருப்பை மாட்டிட்டாங்க.

நேரா நசுருதீன் கடைக்குப் போனோம், அவர் இன்னொரு சிக்கலைச் சொன்னார். வேற கம்பெனிக்கு மாத்தணும்னா இந்த சிம்மிலேருந்தே ஒரு மெசேஜ் அனுப்பணுமாம், அதுக்கு ஒரு கோடு நம்பர் திரும்ப வருமாம், அந்த நம்பர் நாலு நாளைக்குத்தான் செல்லுமாம். சிக்னலே இல்லாத சிம்மிலேருந்து எப்படி மெசேஜ் அனுப்புறது? அவரே நாலு இடத்துக்குப் போன் போட்டு விசாரிச்சுட்டு, துறையூர்ப் பக்கம் டவரை இன்னும் நிறுத்தல, இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கும், அங்க போய் அனுப்பிட்டு வாங்கன்னார். மெசேஜை அவரே அடிச்சுப் போன்ல வச்சுக் குடுத்தார், சிக்னல் வந்ததும் அனுப்புங்கிற பட்டனை அமுக்கினா போதும்னார். நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, கோடு நம்பர் கிடைச்சதும் வந்து கூட்டிக்கிறேன்னு பெரியம்மாகிட்ட சொன்னேன். என் பேர்ல இருக்கிற நம்பருக்கு நான் வராம இருப்பனான்னு கேட்டுட்டு எனக்கு முன்னாடி துறையூர் பஸ்ல ஏறி உக்காந்துட்டாங்க.

மண்ணச்சநல்லூர் வந்துச்சு, சிக்னல் இல்ல. ரெண்டு பேரும் போனோட சின்னத் திரையையே பாத்துக்கிட்டு வரோம். புலிவலம் தாண்டி ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும், போன் கையில துள்ளுச்சு பாரு, டிங் டிங்னு மெசேஜா கொட்டுது, பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. தவறிப் போன அழைப்பெல்லாம் வரிசையா வருது, உன் கேம்ப் நம்பர் மட்டும் பதினாலு தடவை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணு ஒண்ணா எண்ணினாங்க, எண்ணி முடிச்சுட்டுப் பிள்ளை என்ன தவிப்புத் தவிச்சிருக்கும்னு சொன்னாங்க. நான் பட்டனை அமுக்கினேன், கொஞ்ச நேரத்துல கோடு நம்பர் வந்துச்சு, அவங்க பஸ் டிக்கெட் பின்னாடி எழுதிக்கிட்டாங்க. கேம்ப் நம்பருக்குப் போகாதுன்னு தெரிஞ்சும் ஒரு தடவை அடிச்சுப் பாத்தேன், போகல.

அதுக்கப்புறம் எனக்குத் தாங்கல. பஸ்ஸுலயே சொல்லிட்டேன், அக்கா அன்னிக்கு நான் சொன்னது பொய், காப்பு தூளியிலேயே இருந்துச்சு, என்னை மன்னிச்சுடுங்கன்னு. அவங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாங்க, தூளியில கிடைச்சது எனக்கு அப்பவே தெரியும் இருசு, அந்த வீட்டம்மாவே எங்க வீடு தேடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போனாங்க, அவங்க வந்துட்டாங்க, நீதான் வரலன்னு. கொஞ்ச தூரம் போனதும் அவங்களே திரும்ப ஆரம்பிச்சாங்க. சிம்மோட ஆதாரைச் சேக்கலன்னா நம்பர் கட்டாயிடும்னு ஒரு சமயம் டிவியில சொல்லிக்கிட்டே இருந்தாங்களே, அப்ப உனக்கு ஒரு கடையிலேருந்து போன் வந்துச்சா, மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்கன்னு கேட்டாங்களான்னாங்க. வந்துச்சு, நானும் சொன்னேன், யாரோ கம்பெனிக்காரங்கன்னு நெனைச்சேன். அந்தக் கடையில உன் சிம்முக்குக் கைரேகை வச்சது நான்தான், கடைக்காரர் ஸ்பீக்கர்ல போட்டுட்டார், நீ ஒவ்வொரு நம்பரா நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்னாங்க. என்மேல அவ்வளவு கோவத்தை வச்சுக்கிட்டு ஏன்க்கா போனீங்கன்னு கேட்டேன். கோவம் உன்மேலதான், அந்த நம்பர் போயிட்டா உனக்கு ஏது வேலை, சுபா ஸ்கூலுக்கு எப்படிப் போவான்னாங்க. நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அவங்க என் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு, அழுது போனை நனைச்சு வைக்காதன்னாங்க.

திரும்பி வந்து அன்னிக்கே நசுருதீன் கடையில ரேகை வைக்கப் போனா அந்த மெஷின் அவங்க கட்டைவிரலை எடுக்கவே மாட்டேங்குது. முப்பது வருஷம் வெந்நீர்லயும் சீயக்காய்லயும் கிடந்த கை, ரேகை எல்லாம் தேஞ்சு போயிருக்கு. மூணு விரல் வச்சாச்சு, நாலாவதும் வச்சாச்சு, வரல. நசுருதீன் விரலுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஈரத்துணியால துடைச்சுட்டு இடது கை மோதிர விரலை வைக்கச் சொன்னார், பச்சை விளக்கு எரிஞ்சுது. கடையில நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. அஞ்சாம் நாள் புது சிம் வேலை செய்ய ஆரம்பிச்சுது, அதே போன்ல, அதே நம்பர்ல. மூணு மாசம் போனதும் என் பேருக்கே மாத்திக்கலாமாம். இந்தக் கம்பெனியும் பழைய நெட்வொர்க்கை என்னிக்கு நிறுத்துவாங்கன்னு சொல்ல முடியாதும்மா, பட்டன் வச்ச ஃபோர் ஜி போன் வந்திருக்கு, அதை இப்பவே கொஞ்சம் கொஞ்சமாப் பழகி வச்சுக்கங்கன்னு நசுருதீன் சொன்னார். சரின்னு சொல்லியிருக்கேன், நீ லீவுக்கு வரும்போது ரெண்டு பேரும் போய்ப் பாத்து வாங்கலாம்.

புது சிம்முக்கு முதல்ல வந்த போன் எதுன்னு நெனைக்கிற, திருவானைக்கோவில்ல ஒரு வீட்டுல ரெட்டைப் பிள்ளை, ரெண்டும் ஆண். ஒருத்தியா எப்படி ரெண்டைக் குளிப்பாட்டுறது, பெரியம்மாவைக் கேட்டேன். முழங்கால் மடக்கி உக்கார முடியாது, ஸ்டூல் போட்டா வரேன்னாங்க. திங்கக்கிழமையிலேருந்து ரெண்டு பேரும் போறோம். நேத்து அவங்க கையில இருந்த குட்டிப் பையன் அவங்க புடவையெல்லாம் நனைச்சுட்டான். சுபாவும் சின்னதுல இப்படித்தான் இருந்திருப்பான்னு சொன்னாங்க, இல்ல, நீங்க பாக்கும்போதே அவளுக்கு ஒன்பது வயசுன்னு சொல்லிச் சிரிச்சேன்.

நீ மழையில நனைஞ்ச சாக்ஸோட தூங்காத, கால் விரல் இடுக்குல துடைச்சுத் தேங்காயெண்ணெய் வை. அட்டை கடிச்சா பிச்சு எடுக்காத, உப்புப் போட்டா தானா விழும். ராத்திரி டியூட்டின்னா வெறும் வயித்தோட போகாத, நான் அனுப்பின பருப்புப் பொடி இன்னும் இருக்கா இல்ல எல்லாத்தையும் பங்கு வச்சுட்டியா? எதுவா இருந்தாலும் எழுது, திரும்ப அரைச்சு அனுப்புறேன். நீ அழுதது எனக்கு வருத்தம்தான், ஆனா இப்பவும் அம்மாவுக்காக அழற பொண்ணா இருக்கியேன்னு ஒரு ஓரத்துல சந்தோஷமாவும் இருந்துச்சு, அதையும் மறைக்காம எழுதிட்டேன்.

நீ நூறு வயசுக்கு நல்லா இருக்கணும், போட்ட சட்டைக்குப் பேர் வாங்கணும், போன காரியம் எல்லாம் சுகமா முடிச்சுட்டு வீடு வந்து சேரணும். ஒரு விஷயம் மறந்துடாத. இந்த லெட்டர் பின்பக்கத்துல பெரியம்மா நம்பரை எழுதியிருக்கேன், அதை உன் ஆபீசுல குடுத்து என் நம்பருக்குக் கீழ ரெண்டாவதா எழுதச் சொல்லு. உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல பெரியம்மான்னே போடு.

உன் அம்மா,
ம. இருசம்மாள்